“பிறகு பார்த்துக்கொள்ளலாம்”: மதம் வேறுபடும் இருவர் மணக்கும் முன் பேச வேண்டியவை

வேறு மதத்தவரைக் கட்டிக்கொள்ளப் போகிற ஒருவரிடம், “மத விஷயத்தை என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று வரும். “எங்களுக்குள் அதெல்லாம் பிரச்சினையே இல்லை” என்பது ஒன்று. “அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பது இன்னொன்று. முதல் பதில் சில நேரம் உண்மையாகவே இருக்கும். இரண்டாவதைக் கேட்டால்தான் எனக்குக் கொஞ்சம் உதறும். அமெரிக்காவில் 2010-இல் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில், மதம் வேறுபட்ட தம்பதியரில் பாதிக்கும் குறைவானவர்களே பிள்ளைகளை எந்த மதத்தில் வளர்ப்பது என்று கல்யாணத்துக்கு முன் பேசியிருந்தார்கள். மற்றவர்கள் எல்லாரும் ‘பிறகு’ கட்சி.

இப்படி மணப்பவர்கள் ஏதோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் என்றும் நினைக்க வேண்டாம். அதே நாட்டில் பியூ ஆய்வு மையம் 2014-இல் எடுத்த கணக்குப்படி, 2010-க்குப் பிறகு மணந்தவர்களில் 39 சதவீதம் பேருக்குத் துணை வேறு மதக் குழுவைச் சேர்ந்தவர். 1960-க்கு முன் மணந்தவர்களில் அது 19 சதவீதமாக இருந்தது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டும் மணப்பது, மதப்பற்று உள்ளவரும் எந்த மதத்திலும் சேராதவரும் மணப்பது எல்லாம் இந்தக் கணக்கில் அடக்கம். அந்தக் கடைசி வகையை நாம் மறந்துவிடுகிறோம். சாமி கும்பிடுகிறவரும் கும்பிடாதவரும் சேர்ந்து வாழ்வதும் மத வேறுபாடுதான்.

எது வேறுபடுகிறது?

‘மதம்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் குறைந்தது மூன்று சரக்கு இருக்கிறது. ஒன்று நம்பிக்கை: கடவுள் உண்டா, செத்த பிறகு என்ன, எது பாவம். இரண்டு கடைப்பிடிப்பு: தொழுகை, பூசை, நோன்பு, உணவு விலக்கு, எந்த நாளில் எங்கே போக வேண்டும் என்பது. மூன்று சொந்தம்: நான் யார் கூட்டம், என் பெயர் எந்தக் கூட்டத்தின் பெயர், நான் செத்தால் யார் வந்து நிற்பார்கள். சமூகவியலாளர் சார்ல்ஸ் கிளாக் 1962-இல் மதப்பற்றை ஐந்து கூறாகப் பிரித்தார். நம்பிக்கை, கடைப்பிடிப்பு இரண்டோடு மத அறிவு, மத அனுபவம் போன்றவற்றையும் அவர் தனியாகக் கணக்கில் எடுத்தார். வீட்டுக்குள் பேசிக்கொள்வதற்கு மூன்று போதும்.

இந்த மூன்றும் ஒருவரிடம் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒருவர் கடவுள் இருக்கிறாரா என்று தெரியவில்லை என்பார், ஆனால் ஒரு பண்டிகையைக்கூடத் தவறவிட மாட்டார். இன்னொருவர் வழிபாட்டு இடத்தின் வாசலையே மிதிக்க மாட்டார், ஆனால் தினமும் தூங்குமுன் தனியாக அழுது ஜெபிப்பார். மூன்றாமவருக்கு நம்பிக்கையும் கிடையாது, கடைப்பிடிப்பும் கிடையாது. ஆனாலும் தன் பிள்ளைக்கு வேறு மதத்துப் பெயர் என்றதும் வயிற்றில் ஏதோ புரளும். அந்தப் புரளல்தான் சொந்தம். தான் மதத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்று முழு மனதோடு நம்புகிறவரைத் திடீரென்று தாக்குவது பெரும்பாலும் அந்த மூன்றாவது சரக்கு. “நீ பிரச்சினை இல்லை என்றுதானே சொன்னாய்?” என்று மற்றவர் கேட்பார். அப்படிச் சொன்னவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். முதல் இரண்டை மட்டும் எடைபோட்டுச் சொல்லியிருப்பார்.

இந்தப் பிரிவினையை வைத்துப் பார்த்தால், ஒரே மதத்தில் மணந்தவர்களும் தப்ப முடியாது. காரைக்கால் அம்மையார் கதை நமக்குத் தெரிந்ததுதான். கணவர் பரமதத்தனை அவருக்கு வேற்று மதத்திலிருந்து தேடிக் கொண்டுவரவில்லை. இருந்தும் மனைவியின் பக்தியால் நடந்த அதிசயத்தைக் கண்ணால் பார்த்ததும் அவர் மிரண்டுபோனார். வாணிபத்துக்கென்று கப்பல் ஏறியவர் வீடு திரும்பவில்லை. வேறொரு பட்டினத்தில் வேறு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்கு முதல் மனைவியின் பெயரையே வைத்தார். அம்மையார் தேடி வந்தபோது குடும்பத்தோடு காலில் விழுந்தார். மதத்தின் பெயரில் அங்கே வேறுபாடு எதுவும் இல்லை. பக்தியின் ஆழத்தில்தான் இருவருக்கும் நடுவே கடல் இருந்தது.

ஆகவே முதலில் உட்கார்ந்து பேச வேண்டியது “உன் மதம் என்ன?” என்பதைப் பற்றி இல்லை, அது ஏற்கெனவே தெரியும். “இந்த மூன்றில் உனக்கு எது எவ்வளவு?” என்பதுதான் கேள்வி. ஒருவருக்கு நம்பிக்கை கனம், மற்றவருக்குச் சொந்தம் கனம் என்றால், மதம் வேறாக இருந்தாலும் மோதுகிற இடங்கள் குறைவாகவே இருக்கும். இருவருக்கும் கடைப்பிடிப்பு கனம் என்றால் ஒவ்வொரு வாரமும் பேச்சுவார்த்தைதான்.

உங்கள் மதம் உண்மையில் என்ன சொல்கிறது?

இதைப் பலர் சரியாகத் தெரிந்துவைத்திருப்பதில்லை. “எங்கள் மதத்தில் இது கூடவே கூடாது” என்று அத்தை சொன்னதும், “அதெல்லாம் இப்போது யார் பார்க்கிறார்கள்?” என்று நண்பன் சொன்னதும்தான் கையில் இருக்கும். விதி என்ன என்று தெரியாமல் விட்டுக்கொடுக்கவும் முடியாது, விடாப்பிடியாக நிற்கவும் முடியாது.

கத்தோலிக்கத் திருச்சபையை எடுத்துக்கொள்வோம், அதன் விதிகள் எழுத்தில் தெளிவாக இருப்பதால். திருமுழுக்குப் பெற்ற வேறு சபைக் கிறிஸ்தவரை மணக்கத் திருச்சபை அதிகாரியின், அதாவது பெரும்பாலும் ஆயரின், அனுமதி வேண்டும். திருமுழுக்கே பெறாதவரை மணப்பதென்றால் அனுமதி போதாது, ‘விலக்கு’ வாங்க வேண்டும். அது இல்லாமல் நடந்த திருமணம் திருச்சபையின் கணக்கில் செல்லாது. பிள்ளைகள் விஷயத்தில் 1917-இன் சட்டத் தொகுப்பு இரண்டு பேரிடமும் வாக்குறுதி கேட்டது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1970-இல் அதை மாற்றினார். 1983-இன் தொகுப்பும் அதே வழியில் போகிறது: பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் இயன்றதை எல்லாம் செய்வேன் என்று கத்தோலிக்கர் மட்டும் வாக்குக் கொடுக்க வேண்டும். மற்றவர் எதற்கும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, ஆனால் இப்படி ஒரு வாக்கு கொடுக்கப்படுகிறது என்பதை அவருக்குத் தெரியப்படுத்த வேண்டும். இந்தக் கடைசி வரி முக்கியம். கல்யாண வேலைகளின் நெரிசலில் “அது சும்மா ஒரு ஃபார்ம்” என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். ஒருவருக்கு அது ஃபார்ம், மற்றவருக்கு அது கடவுள் முன் கொடுத்த வாக்கு. மூன்று வருடம் கழித்துக் குழந்தை பிறந்த பிறகுதான் இந்த வேறுபாடு வெளியே வரும்.

மற்ற கிறிஸ்தவ சபைகளில் இப்படி ஒரே விதி கிடையாது. ஆனால் பல சபைகளில் ஒரு வசனத்தைத் தவறாமல் எடுத்துச் சொல்வார்கள்: அவிசுவாசிகளோடு ‘அந்நிய நுகத்தில்’ பிணைக்கப்படாதிருங்கள் என்று பைபிளில் திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் (கடிதத்தில்) வருவது. அந்த இடத்தில் திருமணம் என்ற சொல் இல்லை, திருமணத்துக்கும் பொருந்தும் என்று கொள்வது பிற்கால வழக்கம். அதே பவுல் முதல் நிருபத்தில், நம்பிக்கையில்லாத மனைவி சேர்ந்து வாழச் சம்மதித்தால் அவளைத் தள்ளிவிடாதே என்கிறார். ஒரே கையிலிருந்து வந்த இரண்டு வரிகள். ஒன்றை மட்டும் உருவி வீசுகிறவரிடம் மற்றதையும் வாசிக்கக் கேட்கலாம்.

இஸ்லாத்தில், வேதம் கொடுக்கப்பட்டவர்களில் ஒழுக்கமுள்ள பெண்களை, அதாவது யூத, கிறிஸ்தவப் பெண்களை, முஸ்லிம் ஆண் மணக்கலாம் என்று குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்தின் ஐந்தாம் வசனத்தைக் கொண்டு சொல்கிறார்கள். இணைவைப்போரை, அதாவது இறைவனுக்கு இணையாக வேறொன்றை வணங்குவோரை, மணக்க இரண்டாம் அத்தியாயம் தடை விதிக்கிறது. முஸ்லிம் பெண் முஸ்லிமல்லாதவரை மணப்பதை இஸ்லாமிய மரபின் சட்டப் பிரிவுகள் ஏற்பதில்லை. இதை நாட்டுச் சட்டமாக வைத்திருந்த துனிசியா, 1973-இல் போட்ட சுற்றறிக்கையை 2017-இல் ரத்து செய்தது. பலரும் கவனிக்காத இன்னொரு விஷயம் சொத்து. மரபுவழிச் சட்டத்தில் முஸ்லிமும் முஸ்லிமல்லாதவரும் ஒருவருக்கொருவர் வாரிசு ஆவதில்லை. கிறிஸ்தவ மனைவியாகவே இருந்து முப்பது வருடம் குடும்பம் நடத்தினாலும் வாரிசுப் பங்கு கிடையாது. உயில் எழுதி மூன்றில் ஒரு பங்குவரை கொடுக்க வழி இருக்கிறது. எந்த நாட்டில் இந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறதோ, அங்கே காதலோடு ஓர் உயிலும் தேவைப்படும்.

யூத மரபில் பிள்ளை யூதரா என்பதைத் தாய் தீர்மானிக்கிறார். அமெரிக்காவின் சீர்திருத்த யூதப் பிரிவின் ரபிகள் (மத குருக்கள்) 1983-இல், தந்தை மட்டும் யூதராக இருந்து பிள்ளை யூதராகவே வளர்ந்தால் ஏற்கலாம் என்று முடிவெடுத்தார்கள். பழமையான பிரிவுகள் அதை ஏற்கவில்லை. பஹாய் சமயம் வேற்று மதத்தவரை மணக்கத் தடை சொல்வதில்லை, ஆனால் மணமக்கள் இருவரின் பெற்றோரும், உயிரோடு இருக்கும் அத்தனை பேரும், சம்மதிக்க வேண்டும் என்கிறது. இரண்டு சடங்கு நடத்தினால் இரண்டும் ஒரே நாளில் முடிய வேண்டும். பௌத்தத்தில் திருமணம் சமயச் சடங்காகவே கருதப்படவில்லை. ஆனாலும் மறுபிறவியிலும் சேர்ந்திருக்க விரும்பும் தம்பதிக்கு நம்பிக்கை, ஒழுக்கம், ஈகை, ஞானம் நான்கும் சமமாக இருக்க வேண்டும் என்று புத்தர் ஒரு வயதான தம்பதிக்குச் சொன்னதாகப் பாலி நூல்களில் இருக்கிறது. இந்து மரபில் எல்லாரையும் கட்டுப்படுத்தும் ஒரே தலைமைப் பீடம் இல்லை. அதனால் விதி சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே விதி குடும்பத்தில் இருக்கிறது, குடும்பத்துக்குக் குடும்பம் மாறுகிறது.

நாட்டுச் சட்டமும் மதமாற்றமும்

1948-இன் மனித உரிமைப் பிரகடனத்தின் 16-ஆம் பிரிவு, மதத்தைக் காரணம் காட்டித் திருமண உரிமையைக் கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது. நாடுகள் எல்லாம் அப்படியே நடக்கவில்லை. லெபனானில் பதிவுத் திருமணம் செய்ய வழி இல்லாததால் பல ஜோடிகள் சைப்ரஸுக்குப் போய் மணந்துவருகிறார்கள். மலேசியாவில் முஸ்லிமை மணக்கிற மற்றவர் இஸ்லாத்துக்கு மாற வேண்டும். இந்தியாவில் 1954-இன் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் இருவரும் தத்தம் மதத்திலேயே இருந்துகொண்டு மணக்கலாம், ஆனால் 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. ஓர் இந்துவும் ஒரு கிறிஸ்தவரும் அப்படி மணந்தால் அவர்களுடைய சொத்து வாரிசுரிமை 1925-இன் இந்திய வாரிசுரிமைச் சட்டத்துக்குப் போய்விடும். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்தச் சட்டத்தின்கீழ் மணக்கிறோம், அதனால் விவாகரத்து, வாரிசுரிமை, பிள்ளைப் பொறுப்பு மூன்றும் எந்தச் சட்டத்தில் விழும்? மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்குமுன் ஒரு வக்கீலிடம் அரை மணி நேரம் உட்காருவது நல்லது.

கல்யாணத்துக்காக மட்டும் மதம் மாறுவதைப் பற்றி என் கருத்தை ஒளிக்கவில்லை. உண்மையாகவே அந்த நம்பிக்கை வந்துவிட்டதென்றால் அது அவரவர் வாழ்க்கை. “பெயருக்குத்தான், வீட்டுக்காரர்கள் சமாதானமாகிவிடுவார்கள்” என்று மாறுவதுதான் எனக்குப் பயம் தருகிறது. மதத்தை வைத்துக் குடும்பச் சட்டம் பிரிகிற நாடுகளில் பெயருக்கு மாறினாலும் சட்டம் நிஜமாகவே மாறும். மாறியவரை வரவேற்ற கூட்டம் அதைப் பெயருக்கு என்று எடுத்துக்கொள்ளாது, வாராவாரம் எதிர்பார்க்கும். இழந்தது பெரிது என்ற எண்ணம் மாறியவரின் மனதில் ஒரு மூலையில் கிடந்து, சம்பந்தமே இல்லாத சண்டையில், “உனக்காக என் பெயரையே மாற்றிக்கொண்டேன்” என்று வெளியே குதிக்கும்.

அந்தப் ‘பிறகு’ எப்போது வரும்?

எட்டாம் நாள் வரும். யூத மரபில் ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம். முஸ்லிம் குடும்பங்களில் குழந்தைக்காக ஆடு அறுக்கும் அகீகா பெரும்பாலும் ஏழாம் நாள். கத்தோலிக்கச் சட்டம் முதல் சில வாரங்களுக்குள் திருமுழுக்குக் கொடுக்கச் சொல்கிறது. பெற்றவள் இன்னும் சரியாக எழுந்து நடக்கவே இல்லை, இருவரும் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கியதில்லை, இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிகளும் வீட்டில் கூடியிருக்கிறார்கள். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிவைத்த அந்தப் பேச்சு இந்த நேரத்தில்தான் வந்து கதவைத் தட்டும். இதைவிட மோசமான நேரத்தை யாராலும் திட்டமிட்டுக்கூடத் தேர்ந்தெடுக்க முடியாது.

வழிகள் நாலைந்துதான். ஒரு மதத்தில் வளர்ப்பது, மற்றவரின் மரபை மரியாதையோடு தெரிந்துகொள்ள வைப்பது. இரண்டிலும் வளர்ப்பது. எதிலும் சேர்க்காமல் வளர்ப்பது. “பெரியவளானதும் அவளே தேர்ந்தெடுக்கட்டும்” என்று விடுவது. கடைசி வழி கேட்க அழகாக இருக்கும், ஆனால் ஒன்றும் செய்யாமல் இருந்தால் அது நடக்காது. எதையும் பார்க்காமல் வளர்ந்த பிள்ளைக்குத் தேர்ந்தெடுக்க என்ன இருக்கும்? இரண்டையும் உள்ளிருந்து காட்ட வேண்டும், அதற்குப் பெற்றோருக்கு இரட்டை வேலை. ‘இரண்டிலும்’ என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. சில மதங்கள் இரட்டை உறுப்பினரை ஏற்காது. கத்தோலிக்கக் கணக்கில் திருமுழுக்கை அழிக்கவே முடியாது. இஸ்லாமிய மரபுச் சட்டத்தில் தந்தை முஸ்லிம் என்றால் பிள்ளையும் முஸ்லிம். ஆகவே இரண்டு பண்டிகை கொண்டாடுவது வேறு, இரண்டு சமூகங்களில் சேர்த்துவிடுவது வேறு.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பேச்சைச் சின்னதாக, கையில் பிடிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். “நல்ல மனுசனாக வளர்ப்போம்” என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு வராது, அதனால் பயனும் இல்லை. பெயர் என்ன? பிறந்தவுடன் எந்தச் சடங்கு, எது வேண்டாம்? பள்ளிப் படிவத்தில் மதம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவோம்? “அப்பா ஏன் நம்மோடு கும்பிடுவதில்லை?” என்று ஐந்து வயதில் கேட்டால் யார், என்ன சொல்வது? நிச்சயம் ஆன பிறகு இப்படி நாலு கேள்வியோடு ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால், பொதுவாகப் பத்து மாதம் பேசியதைவிட அதிகம் தெரிந்துவிடும்.

அன்றாடம்

தினசரி வாழ்க்கைக்கு நான் சொல்கிற முறை எளிது. ஆளுக்கொரு தாள் எடுத்துக்கொண்டு, உங்கள் மத வழக்கங்களை மூன்று பத்தியாகப் பிரித்து எழுதுங்கள்: இதை விட்டால் நான் நானாக இருக்க மாட்டேன், இது இருந்தால் எனக்குச் சந்தோஷம், இது வெறும் பழக்கம். முதல் பத்தி பெரும்பாலும் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக வரும். அதில் இருப்பதை மற்றவர் பேரம் பேசக் கூடாது. நடுப்பத்தியில்தான் கொடுக்கல் வாங்கல். மூன்றாவதைப் பற்றி வருடக்கணக்கில் சண்டை போட்டிருப்பதைக் கண்டு சிரிப்பும் வரலாம்.

சரி, முதல் பத்தியிலேயே மோதினால்? அங்கே ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்வது உதவும்: உடன் இருப்பது ஒன்று, பங்கேற்பது ஒன்று.

“எனக்காக ஒரு நாள் வந்தால் என்ன குறைந்துவிடும்?”

“வருகிறேன். கடைசிவரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கும்பிட மட்டும் சொல்லாதே.”

இது ஒரு நியாயமான ஒப்பந்தம். மதங்களே இந்தக் கோட்டைப் போட்டிருக்கின்றன. கத்தோலிக்கத் திருப்பலியில் யாரும் வந்து அமரலாம், ஆனால் மற்ற மதத்தவர் நற்கருணை, அதாவது அங்கே கொடுக்கும் புனித அப்பம், வாங்க முடியாது. வரிசையில் எழுந்து போகாமல் இருந்தால் அது அவமரியாதை ஆகாது. இப்படி எந்த இடத்தில் என்ன எதிர்பார்ப்பார்கள் என்று முன்கூட்டியே காதோடு சொல்லிவிட்டால் பாதிச் சங்கடம் போய்விடும்.

பிறகு, மதம் என்று தோன்றாத இடங்களில் ஒளிந்திருக்கும் மதம். பணம் ஒன்று. முஸ்லிம்கள் கொடுக்க வேண்டிய ஜகாத் என்பது குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒரு வருடம் கையில் தங்கிய செல்வத்தில் 2.5 சதவீதம். பல கிறிஸ்தவர்கள் தசமபாகம் என்று வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கொடுக்கிறார்கள். வங்கிக் கணக்கு பொதுவானதென்றால் அது யார் பணம்? நாள்காட்டி இன்னொன்று. ரமலான் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும், யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளி மாலையே தொடங்கிவிடும். விடுமுறைப் பயணத்தை யார் எப்போது போடுவது என்பதில் இது நிற்கும். படுக்கையறையும் விலக்கில்லை. ஆறாம் பவுல் 1968-இல் வெளியிட்ட சுற்றுமடலில் செயற்கைக் கருத்தடையை மறுத்தார், அந்த நிலைப்பாடு இன்றும் மாறவில்லை. கத்தோலிக்கர்கள் எல்லாரும் அதன்படி நடப்பதில்லை என்பது உண்மைதான். உங்களை மணக்கப் போகிறவர் நடப்பவரா என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

எவ்வளவு பேசினாலும் சில சண்டைகள் தீராது. அதற்குப் பதற வேண்டாம். தம்பதியரைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், தம்பதிகளின் மோதல்களில் சுமார் 69 சதவீதம் தீர்வே காணாமல் தொடர்பவை என்று கண்டார். எந்த மதத்துத் தம்பதிக்கும் இது பொருந்தும். அவர் அபாய அறிகுறியாகக் காட்டியது ஏளனத்தைத்தான். மத விஷயத்தில் ஏளனம் சுலபமாக நுழைந்துவிடும். “உங்க சாமி இதைக்கூடச் செய்ய மாட்டாரா?” என்று நண்பர்கள் நடுவே ஒரு கிண்டல், வழிபாட்டை முடித்து வரும்போது ஓரக்கண்ணில் ஒரு சிரிப்பு. கேள்வி கேட்பதும் மறுப்பதும் தாங்கக்கூடியவை. சிரிப்பு தாங்காது.

அடுத்து, கடவுளைச் சாட்சிக்கு இழுப்பது. இருவருக்குள் அழுத்தம் ஏறினால் மூன்றாவது ஆளை உள்ளே இழுப்போம் என்று குடும்ப உளவியலில் மரே போவன் சொன்னார். அவர் சொன்ன முக்கோணத்தில் மூன்றாவது ஆள் மாமியாராக இருந்தால்கூடப் பேசிச் சரிசெய்யலாம். கடவுளாக இருந்தால்? “நான் சொல்லவில்லை, கடவுள் சொல்கிறார்” என்றால் எதிர்ப்பக்கம் பேச இடமே இல்லை. “இது என் நம்பிக்கை, எனக்கு இது வேண்டும்” என்று தன் வாயால் கேட்கிறவருக்குத்தான் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

பெற்றோர் விஷயத்தில் ஒரே விதி: அவரவர் பெற்றோரிடம் அவரவர் பேச வேண்டும். அவளுடைய அம்மாவிடம் அவன் போய் மத விளக்கம் சொல்வதும், “அவள்தான் வேண்டாம் என்கிறாள்” என்று அவன் தன் அப்பாவிடம் நழுவுவதும், இரண்டுமே வேலையைக் கெடுக்கும். “நாங்கள் முடிவு செய்தோம்” என்பதுதான் வாக்கியம். மனதில் வேறு இருந்தாலும் வெளியே ‘நாங்கள்’தான்.

இன்னும் ஒரு கனவைக் கலைத்துவிடுகிறேன், மன்னிக்கவும். “கல்யாணத்துக்குப் பிறகு மாறிவிடுவார்” என்று நினைத்து மணக்கிறவர்கள் இருக்கிறார்கள். மங்கையர்க்கரசியார் சைவர், கணவர் பாண்டியன் நெடுமாறன் சமணர். கடைசியில் அரசர் சைவராகிவிட்டார் என்று நம் ஊர்க் கதை முடியும். ஆனால் அதற்கு ஞானசம்பந்தரே வந்து இறங்க வேண்டியிருந்தது, அரசருக்கு வெப்பு நோயும் வர வேண்டியிருந்தது. கிறிஸ்தவப் புனிதர் அகஸ்டினின் தாய் மோனிக்கா கிறிஸ்தவர், கணவர் பத்ரீசியுஸ் பழைய ரோம மதத்தவர். அவர் திருமுழுக்குப் பெற்றது சாவு நெருங்கிய காலத்தில். காத்திருப்பது அவரவர் இஷ்டம். ஆனால் இன்று எப்படி இருக்கிறாரோ, நாற்பது வருடமும் அப்படியே இருந்தால் சம்மதமா என்று தன்னைக் கேட்டுக்கொண்ட பிறகு மணப்பது நல்லது.

இதற்கு நேர்மாறானதும் நடக்கும். கல்யாணத்தின்போது மதமே இல்லாதவர் ஒரு பிரிவுக்குப் பிறகோ ஒரு நோய்க்குப் பிறகோ தீவிர பக்தராகலாம். பக்தராக இருந்தவர் எல்லாவற்றையும் விட்டுவிடலாம். அப்போது மற்றவருக்கு ஏமாற்றப்பட்டது போல இருக்கும். தாளையும் மூன்று பத்தியையும் திரும்ப எடுக்க வேண்டிய நேரம் அது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எடுத்தாலும் தப்பில்லை.

பேசிப் பார்த்து, ஒத்துவராது என்று தெரிந்தால்? பிள்ளை நிச்சயம் என் மதத்தில்தான் என்று இருவருமே முதல் பத்தியில் எழுதியிருந்தால், அங்கே யாரும் கெட்டவர் இல்லை, நடுவழியும் இல்லை. நிச்சயதார்த்தம் என்பது இப்படித் தெரிந்துகொள்வதற்கும் சேர்த்துத்தான். மண்டபம் பேசியாயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று என்பதற்காகத் தொடர்வதைவிட, அந்த வெட்கத்தை விழுங்கிக்கொள்வது சின்னச் செலவு.

கடைசியாக, யாரும் பேச விரும்பாத ஒன்று: சாவு. எரிப்பதா, புதைப்பதா? கத்தோலிக்கத் திருச்சபை 1963-இல் எரிப்பதற்கு வழி விட்டது, இஸ்லாத்தில் புதைப்பதுதான். சில கல்லறைத் தோட்டங்கள் தங்கள் மதத்தவருக்கு மட்டும் இடம் கொடுக்கும், அப்படியானால் நாற்பது வருடம் பக்கத்தில் படுத்தவர்கள் அங்கே பக்கத்தில் படுக்க முடியாது. எந்தச் சடங்கு, யார் முன்னின்று செய்வது, எதைச் செய்யவே கூடாது என்று ஆளுக்கொரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்தத் தாள் இருக்கும் இடத்தை இரண்டு குடும்பத்திலும் ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள். அந்த நாளில் முடிவு எடுக்கச் சில மணி நேரம்தான் இருக்கும், அதைத் தனியாக எடுக்கப் போகிறவர் உங்கள் துணைவர்.